நடுவழியில் நின்ற லிஃப்ட்

லிஃப்ட் நின்றது என் கைங்கரியம்தான். இத்தனை வருஷத் தொழிலில் நின்றுபோன லிஃப்டுகளை ஓட வைத்திருக்கிறேன்; ஓடுகிற ஒன்றை நானே நிறுத்தியது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

லிஃப்டைப் பற்றியும், எங்கள் வீட்டுப் பின்புறம் நான் கடப்பாரையால் உடைத்த சிமென்ட் தரையைப் பற்றியும் கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் அதிகாரி ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்லது, சாட்சி சொல்ல ஆள் வேண்டும்.

என் தம்பி ஒரு போட்டோக் கடைக்காரரை நேசித்தான். இரண்டு பேரும் ஆண்கள். இந்த ஊரில் அதற்கு மேல் குற்றம் தேவையில்லை. கடைக்காரரின் போனைப் பிடுங்கி, அதில் இருந்தவர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனீர்கள். தம்பியைக் கூட்டிப்போனவர் இந்த அதிகாரி. புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்தேன்.

"அந்த மாதிரி ஆளுங்களே நம்ம ஊர்ல கிடையாது. இல்லாதவன் எப்படிய்யா காணாமப் போவான்?" என்றார் ஏட்டு.

"என் ஜோக்கைக் கேட்டா லிஃப்டே பாதியில நின்னுடும்" என்று தம்பி கிண்டல் செய்வான். அன்று ஜோக்கடித்தவர் ஏட்டு; நான் புகார்த் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அம்மா அழுது அழுது படுக்கையில் விழுந்தாள். அப்பா மட்டும் எதையும் கேட்கவில்லை. தாங்க மாட்டார், இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே பின்புறத்தில் சிமென்ட் தரை போட ஆரம்பித்தார். துணி துவைக்க வசதியாம். துக்கத்தில் இருப்பவர் கைவேலை செய்வது நல்லதுதானே என்று, நான்தான் ரசமட்டம் வைத்து, தண்ணீர் வடிய வாட்டம் பார்த்துக் கொடுத்தேன். "நல்லா வந்திருக்கு" என்றார். அவர் என்னைப் பாராட்டுவது அபூர்வம். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அதிகாரி, யாரும் குடிவராத புதுக் கட்டடத்தில் மேல்மாடி வீட்டைப் பார்க்க வந்தார். அங்கே லிஃப்ட் மாட்டியவன் நான். தொடர் விடுமுறை, வாசலில் காவலாளிகூட இல்லை. அவர் ஏறியதும், இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்தினேன். விளக்கை அணைத்தேன். பிறகு மின்விசிறியை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே மாட்டியவரிடம் இன்டர்காமில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்; பேச்சு நின்றால் பயந்துவிடுவார்கள். "பயப்படாதீங்க சார், நான் இங்கயேதான் இருக்கேன்" என்றேன். மனப்பாடமான வாக்கியம். ஒவ்வொரு தடவையும் அதன் பின்னால் ஒரே கேள்வியைச் சேர்த்தேன்: என் தம்பி எங்கே?

முதல் நாள் என் தோலை உரிப்பதாகச் சொன்னார். மறுநாள் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார். நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையிடையே ஜோக் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. கதவைப் பிறாண்டுகிற சத்தம் நின்றதும் பேச்சை நிறுத்திவிட்டு, மேலே மோட்டார் அறையில் என் சாப்பாட்டை முடித்தேன். அது கொடுமைதான். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் முழுதாக எழுதுங்கள். தம்பிக்காகப் புகார் வாங்க மாட்டீர்கள். அதிகாரிக்காக ஓடி வருவீர்கள். ஏன் அடைத்தான் என்று எழுதுகிற இடத்தில், இந்த ஊரில் இல்லவே இல்லாத என் தம்பியை நீங்கள் எழுதியே ஆக வேண்டும். அவனோடு கொண்டுபோன மற்றவர்களைப் பற்றியும் கோர்ட்டில் கேட்பேன்.

கடைசியில் இன்டர்காமில் குரல் வந்தது. காய்ந்து, கிசுகிசுப்பாக. அதிகாரக் குரலெல்லாம் போய்விட்டிருந்தது.

"உயிரோடதான்ய்யா விட்டோம். குடும்ப மானம் உங்க கையிலன்னு சொல்லி வீட்டுக்காரங்களைத்தான் வரச் சொன்னோம். எல்லார் வீட்டுக்கும் அப்படித்தான். உன் தம்பியை உங்கப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு. போகும்போது என்கிட்ட, வீட்டுல சிமென்ட் மூட்டை தயாரா இருக்குன்னு சொன்னாரு."