என் கணினியில் ஓடுகிறதே

தேங்காய்ப்பால் வாசனை அடிக்கும் சோளப்பொரியை நான் வாயில் வைப்பதில்லை. பல்லில் ஒட்டும். ஆனால் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தப் பச்சைப் பொட்டலத்துக்கு நான்தான் பூசாரி. எங்கள் தைனான் நகரத்து ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் ஒவ்வொரு இரும்பு அலமாரியின் தலையிலும் ஒரு பொட்டலம் உட்கார்ந்திருக்கும். அதன் பெயருக்கே ‘சமத்தாக இரு’ என்றுதான் அர்த்தம். பச்சை மட்டுமே ஆகும். மஞ்சளை வைத்தால் இயந்திரம் முறுக்கிக்கொள்ளும். காலாவதியாகக் கூடாது. யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து முதல் நாள் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள், முதல் முறை சர்வர் படுத்ததும் சோளப்பொரி வாங்க ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த அறையின் குளிரைக் கேட்காதீர்கள். ஒரு பென்குயினை உள்ளே விட்டால் அது ஸ்வெட்டர் கேட்கும்.

அந்த அறைக்கு நான் பூசாரி மட்டுமில்லை. ஒரு வகையில் சாமியும் நான்தான். அது எப்படி என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் நேரம் குறித்துக்கொள்ள எங்களிடம் ஒரு போர்ட்டல் இருந்தது. ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியது. எழுதியதை அப்படியே சர்வரில் ஏற்ற முடியாது. பில்டு என்று ஒரு வேலை நடுவில் உண்டு. அதற்கான கருவி, சாமான் பட்டியலோடு கிளம்புகிற சமையல்காரர் மாதிரி. பட்டியலில் உள்ள துண்டு நிரல்களை, ஜார் என்போம் அவற்றை, முதலில் அந்தந்தக் கணினிக்குள் மறைவாக இருக்கும் அலமாரியில் தேடும். அங்கே இல்லையென்றால் இணையத்துப் பொதுக் கிடங்கிலிருந்து இறக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும். மூட்டையைச் சர்வரில் ஏற்றினால் போர்ட்டல் எழுந்து நிற்கும்.

எங்கள் நாட்டில் ஆண்டுக் கணக்கு குடியரசு பிறந்ததிலிருந்து தொடங்குவது. அது நூறை எட்டி மூன்று இலக்கமானபோது, தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜார் ஒன்று தலைசுற்றி விழுந்தது. அதற்குப் பின் பிறந்த ஒரு குழந்தைக்கு யாராவது நேரம் குறித்தால் போதும், போர்ட்டல் மொத்தமும் படுத்துவிடும். நான் அந்த ஜாரைப் பிரித்துத் திருத்தினேன். திருத்தியதற்கு வேறு பெயரும் வேறு பதிப்பு எண்ணும் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பழைய பெயரிலேயே என் கணினியின் அலமாரியில் போட்டுவைத்தேன், யாரிடமும் சொல்லாமல். அது சோம்பேறித்தனம், குற்றமில்லை. குற்றம் பின்னால் வருகிறது.

அதன் பிறகு என் கணினியில் கட்டிய மூட்டை மட்டும் ஓடியது. வேறு யார் கட்டினாலும், கருவி பொதுக் கிடங்கிலிருந்து பழைய ஜாரை இறக்கிச் சேர்த்துவிடும். எச்சரிக்கை ஒன்றும் வராது. மூட்டை அழகாகக் கட்டப்படும், ஏறும், முதல் குழந்தை வந்ததும் விழும். “வெய் அண்ணனைக் கூப்பிடு” என்பார்கள். புத்தாண்டு விருந்தில் மாமனார் மீனை என் பக்கம் நகர்த்தும் நேரத்தில் போன் வரும். நான் பெருமூச்சு விட்டு எழுந்துகொள்வேன். அந்தப் பெருமூச்சை நான் எவ்வளவு ரசித்தேன் என்று இப்போது எழுதும்போது காதுமடல் சுடுகிறது. ஆஸ்பத்திரி இயக்குநரே ஒருமுறை எனக்குக் குடை பிடித்தார். மழை அன்றைக்கு அப்படியொன்றும் பெரிதில்லை, ஆனால் நான் ஊரெல்லாம் சொல்லும்போது அது புயலாகிவிட்டது.

பிறகு யுன்ஹான் வந்தாள். ஒப்பந்த வேலைக்கு வந்த பெண். எங்கள் பிரிவுத் தலைவர் கோங் அவளிடம் என் முன்னாலேயே சொன்னார்:

“இந்தாம்மா, பில்டு வெய்யோட கணினியிலேயே மாட்டிக்கிட்டு இருக்கு. அதைப் பொதுவா ஒரு கணினிக்கு மாத்திடு. யார் அமுக்கினாலும் ஓடணும். மாத்திட்டா நீ நிரந்தரம். இல்லேன்னா ஒப்பந்தத்தோட சரி, அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது.”

“வருத்தப்பட மாட்டேன் சார், மாத்திடுவேன்” என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் ஞாபக சக்தியைப் பற்றி நான் கொஞ்சமும் மிகைப்படுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் உள்ள எல்லாக் கடவுச்சொற்களும், எல்லா நர்ஸுகளுக்கும் டீயில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு ஐஸ் என்பதும் அவள் தலையில் இருந்தன. ஒன்றைச் செய்தேன் என்றால் செய்திருப்பாள். பூட்டினேன் என்றால் பூட்டியிருப்பாள். தன்னை அப்படி நம்புகிற ஒரு ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவள் முதல் மூட்டை விழுந்தபோதே காரணம் எனக்குத் தெரிந்தது. ஒரு வாக்கியம் போதும். “என் அலமாரியில் ஒரு ஜார் இருக்கிறது, எடுத்துக்கொள்.” வாய் வரை வந்தது. அதற்குள் கோங் என்னைப் பார்த்து, “என்ன வெய், உங்ககிட்ட மட்டும் எப்படிய்யா ஓடுது?” என்று சிரித்தார்.

“தெரியல சார். என் கணினியில ஓடுதே” என்றேன்.

எங்கள் தொழிலில் அது பழைய ஜோக். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மௌனமாக இருப்பது பொய் சொல்வது ஆகாது என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் ஜாவாவின் பதிப்பை மாற்றிப் பார்த்தாள். கருவியை அழித்து மறுபடி நிறுவினாள். அலமாரியைக் காலிசெய்து முதலிலிருந்து இறக்கினாள். கடைசியில் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

“வெய் அண்ணே, தேதி பாக்கற ஜார்தான் தடுமாறுது. ஆனா உங்க பட்டியல்லயும் அதே பேர், அதே பதிப்பு எண். உங்ககிட்ட இருக்கறதையும் என்கிட்ட இருக்கறதையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்கலாமா?”

சரியான கேள்வி. அதைக் கேட்க இவ்வளவு ஆண்டுகளில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“தாராளமா பாரும்மா. சாப்பாடு முடிஞ்சு வா” என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டுக்குப் பின் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேஜையில் குட்டித் தலையணை போட்டுத் தூங்குவோம். கோங்கின் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்த இருட்டில் நான் என் அலமாரியிலிருந்து திருத்திய ஜாரை எடுத்துவிட்டு, பொதுக் கிடங்கின் பழைய ஜாரை அதே இடத்தில் வைத்தேன். விளக்கு போட்டதும் அவள் வந்து ஒப்பிட்டாள். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தன. திரையை வெகுநேரம் பார்த்தாள்.

“அப்ப நான்தான் வேற எதையோ தப்பாப் பாத்திருக்கேன்” என்றாள்.

“ஆகும்மா. யாருக்கும் ஆகும்” என்றேன். அவள் போனதும் என்னுடையதைத் திரும்ப வைத்துக்கொண்டேன்.

அப்போதும் அவள் விடவில்லை. ஜாரையே தான் திருத்திவிடுவதாகக் கூட்டத்தில் கேட்டாள். ஓடுகிற ஒன்றில் கைவைப்பதை எங்கள் தொழிலில் யாரும் விரும்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். “என்கிட்ட ஒழுங்கா ஓடுற ஜாரை எதுக்கு சார் நோண்டணும்?” என்று மட்டும் கேட்டேன். கோங் தலையை ஆட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

ஆகவே சர்வரின் அமைப்புகளில் தவறு இருக்கும் என்று அங்கே தோண்ட ஆரம்பித்தாள். இப்படியே விட்டால் அவள் தோற்றாள் என்று முடிந்திருக்கும். ஆனால் முயன்று தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார்கள். கோங் இளகிய மனசுக்காரர். அவள் ஜெயித்ததாக நம்பி ஏற்றி, எல்லோர் முன்னாலும் விழ வேண்டும். அதனால் ஒத்திகை பார்க்கும் சோதனைச் சர்வரில் மட்டும் என் திருத்திய ஜாரை நானே போய் வைத்தேன். அவள் ஏதோ ஓர் அமைப்பை மாற்றிவிட்டு, மூன்று இலக்க ஆண்டில் பிறந்த ஒரு கற்பனைக் குழந்தையை உள்ளே அனுப்பினாள். போர்ட்டல் அசையாமல் நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை.

“ஏன் ஓடுதுன்னு தெரியலண்ணே. காரணம் தெரியாம ஓடறது எனக்குப் பிடிக்கல.”

“ஓடினா ஏத்திடும்மா. காரணத்தைத் தேடிக்கிட்டு இருந்தா எனக்கு ஓய்வு வந்துடும்” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் எப்போதும் சிரிப்பு மூட்டுகிறவன்.

குழந்தைகளுக்குக் காய்ச்சல் தடுப்பூசி போட நேரம் குறிக்கும் நாள் அது. மதியத்துக்குப் பின் போர்ட்டல் திறக்கும். காலையில் அவள் மூட்டையை ஏற்றினாள். கோங் சர்வர் அறையில் ஊதுவத்தி காட்டினார், கொளுத்தாமல்தான். புகை வந்தால் தீயணைப்பு மணி அலறும். பிறகு புதுப் பச்சைப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார்.

“உன் மூட்டை, உன் கையாலயே வை. நல்லா சமத்தா இருக்கச் சொல்லு.”

“சமத்தா இரு” என்று அவள் பொட்டலத்தை வைத்துத் தட்டிக்கொடுத்தாள். பச்சைதான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சாப்பாட்டுத் தூக்கத்தின்போது போய் அதை எடுத்துவிட்டு மஞ்சளை வைத்தேன். இதற்கு அவசியமே இல்லை. போர்ட்டல் எப்படியும் விழத்தான் போகிறது. ஏன் செய்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். விழுந்த பிறகு அவள் மறுபடி காரணம் தேடுவாள், நிச்சயமாகக் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன். இனிமேல் அவள் தேடக் கூடாது. தேடுகிற அந்த நிச்சயம் அவளுக்குள் இருக்கக் கூடாது.

போர்ட்டல் திறந்து முதல் தாய் தன் குழந்தையின் பிறந்த ஆண்டைப் போட்டதும் எல்லாம் படுத்தது. கீழே வரவேற்பில் போன்கள் கதறின. கோங் சர்வர் அறைக்குள் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

“ஐயோ, மஞ்சளா வச்ச?” என்றார் அவர். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

“இல்ல சார், நான் பச்சைதான்…”

“நான் குடுத்தது பச்சை. இருக்கறது மஞ்சள். நடுவுல பேயா வந்துச்சு?”

பின்னாலிருந்து ஒருவன், “இவ ஊர்ல அன்னாசித் தோட்டமோ என்னவோ, கால் வச்சதும் கூட்டம் பிச்சுக்கிட்டுப் போகுது” என்றான். ஆஸ்பத்திரியில் அன்னாசிப் பேச்சே எடுக்கக் கூடாது. கூட்டம் கூடிவிடும் என்பார்கள். யாரும் அவனை அதட்டவில்லை.

அவள் அந்த மஞ்சள் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. நான் என்ன வச்சேன்?”

அந்த அறையில் அவளுக்கு இருந்த ஒரே சாட்சி நான்.

“சரியா கவனிக்கலம்மா” என்றேன்.

பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “நான்தான் மஞ்சளை எடுத்து வச்சிருப்பேன் போல. ஜார் விஷயத்துலயும் இப்படித்தான் தப்பாப் பாத்தேன்.”

நான் என் கணினியில் மூட்டை கட்டி ஏற்றினேன். ஊசி போட வேண்டிய குழந்தைகளுக்கெல்லாம் அன்று மாலைக்குள் நேரம் கிடைத்தது. கோங் என் தோளைத் தட்டினார். யுன்ஹானின் ஒப்பந்தம் முடிந்தது. பிரியாவிடை நாளில் அவளுக்காக நான் பேசிய பேச்சில் எல்லோரும் அழுதார்கள், காவலாளி உட்பட. நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

நான் ஓய்வு பெறும்போது திருத்திய ஜாருக்குப் புதுப் பதிப்பு எண் கொடுத்து, எல்லோரும் எடுக்கும் கிடங்கில் போட்டுவிட்டு வந்தேன். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. அன்றிலிருந்து யார் அமுக்கினாலும் ஓடுகிறது. யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

இந்தக் கோடையில் அவளைப் பார்த்தேன். அத்தையின் காலைச் சிற்றுண்டிக் கடையில் முட்டை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கணினி வேலைக்கு அதன் பின் போகவில்லையாம். ஒவ்வொரு தட்டையும் கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்தாள். காஸ் அடுப்பை அணைத்து, அணைத்த திருகைப் படம் எடுத்தாள். அந்தப் போனுக்குள் இந்த நகரத்தின் பாதி இருக்கும்.

“எதைச் செஞ்சாலும் செஞ்சேனா இல்லையான்னு சந்தேகம் வந்துடுதுண்ணே. படம் எடுத்து வச்சாதான் வீட்டுக்குப் போக முடியுது” என்று சிரித்தாள். பிறகு, “அன்னிக்கு எல்லாரும் ஒரு மாதிரி பாத்தப்ப நீங்க மட்டும்தான் என்னை ஒண்ணும் சொல்லல. நான் மறக்கல” என்றாள். ரொட்டியில் எனக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலாகப் போட்டிருந்தாள். தின்று முடித்தேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் கடை சாத்தும்வரை காத்திருந்தேன். நண்பகல் ஆயிற்று. அவள் ஷட்டரை இறக்கிப் பூட்டினாள், பூட்டைப் படம் எடுக்கப் போனாள், போன் அணைந்துவிட்டிருந்தது. நடுத்தெருவில் அப்படியே நின்றாள்.

“அண்ணே, பூட்டியிருக்கா? என் கண்ணை நான் நம்பறதில்ல. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.”

பூட்டு கச்சிதமாகப் பூட்டியிருந்தது. நான் குனிந்து அதைப் பார்த்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு ஒருவர் என்னை அப்படிப் பார்த்தார்.

“எதுக்கும் இன்னொரு தடவை இழுத்துப் பாத்துடும்மா” என்றேன்.

அவள் ஓடிப்போய் இழுத்துப் பார்த்தாள். “நல்லவேளை, நீங்க இருந்தீங்க” என்றாள்.

பாவம், அந்த நிலையில் இருக்கும் பெண்ணைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இப்போதெல்லாம் கடை சாத்தும் நேரத்துக்குத் தினமும் போய்விடுகிறேன்.