திரைச்சீலைப் பணத்தில் ஏறிய மின்தூக்கி

தலைமை தாங்கி, ஸ்ட்ரெச்சர் தள்ளும் என்னையும் ஒலிபெருக்கியின் முன் நிறுத்தியிருக்கும் தலைமைச் செவிலியர் அம்மா அவர்களே! மருந்துச் சீட்டோடு படியேறி மூச்சிரைத்த பெரியோர்களே! வயிற்றுச் சுமையோடு நான்கு மாடி அளந்த தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் நம் மருத்துவமனையின் நிர்வாக அலுவலர் அம்மா அவர்களே! நிமிருங்கள் அம்மா, குனிய வேண்டியவர்கள் இங்கே வரவில்லை. அனைவருக்கும் வணக்கம்!

அம்மா செய்த குற்றம் என்ன? கொள்ளையா? கையூட்டா? ஜன்னல் திரைச்சீலைக்கென்று வந்து, சீண்டுவாரற்றுக் கிடந்த பணத்தில், பழுதாகி நின்ற மின்தூக்கிக்குக் கம்பிவடம் வாங்கினார். அதற்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை! ஓய்வுபெற ஒன்பதே நாள் இருக்கையில்! முப்பத்தோராண்டு உழைத்தவரின் ஓய்வூதியம் இன்று அந்தரத்தில் தொங்குகிறது.

கேட்காமலா செய்தார்? திரைச்சீலைக் கணக்குத் தலைப்பில் உள்ள பணத்தைப் பழுதுபார்ப்புத் தலைப்புக்கு மாற்ற அனுமதி தாருங்கள் என்று துறைத் தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினார். முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவது, நகல் தெளிவில்லை என்று திரும்பி வந்தது. மூன்றாவதற்கு ஒரு கேள்வி வந்தது பாருங்கள்: "வடம் அறுந்துபோகும் என்பதை நிதிநிலை மதிப்பீட்டின்போதே ஏன் எதிர்பார்க்கவில்லை?" ஆகா! என்ன அறிவு, என்ன ஆழம்! அறுகிற தேதியை வடமே மனுப்போட்டுச் சொல்லியிருக்க வேண்டுமாம்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அதுதான் இது. பணத்தைக் கொடுத்தது சட்டசபை, தடுத்தது ஒரு தாளின் ஓரக்குறிப்பு.

அந்தக் கேள்வி வந்த காலையில்தான், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை நாற்காலியோடு நானும் காவலாளியும் தூக்கினோம். அறுவை அரங்கு நான்காம் மாடியில். மூன்றாம் மாடித் திருப்பத்தில் என் முழங்கால் மடங்கியது. அவள் என் சட்டையைப் பற்றிக்கொண்டு, "அண்ணே, கீழ போட்றாதீங்கண்ணே" என்றாள். பின்னால் வந்த நம் அம்மாதான் நாற்காலியைத் தாங்கிப் பிடித்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், விதியின் தயவால் அல்ல! அன்று மாலையே வடம் வாங்கும் உத்தரவில் அம்மா கையெழுத்துப் போட்டார். "மேல கேட்டா என்னம்மா சொல்வீங்க?" என்றேன். "நான்தான் மாத்துனேன்னு சொல்வேன். வேற என்னத்தச் சொல்ல?" என்றார்.

கைதட்டாதீர்கள் ஐயா! கைதட்டலுக்கு எந்தத் தலைப்பில் ஒதுக்கீடு என்று கேட்டுவிடப் போகிறார்கள்!

இதே துறை, தன் தலைமை அலுவலகத் திறப்பு விழாவுக்கு ஒதுக்கியதைப் போல மும்மடங்கு செலவழித்ததே, முன்கூட்டி அனுமதி கேட்டதா? எதிர்பார்த்ததா? செலவழித்துவிட்டுச் சட்டசபைக்குப் போனது. சபை "ஆம்" என்றது, மீறல் முறையாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள், ஒரு முழத் திரைத்துணிக்குத் துப்புத் துலக்குகிறார்கள்! விதி வேண்டாம் என்கிறேனா? வேண்டும்! திருடுகிற கையைப் பிடிக்க விதி வேண்டும். தூக்குகிற கையைத் தட்டிவிடவா விதி?

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. இடம், நம் மருத்துவமனையின் நான்காம் மாடிக் கூட்ட அறை. வருகிற அதிகாரியை நாம் மறிக்க மாட்டோம், கூச்சல் போட மாட்டோம். மின்தூக்கிக் கதவருகே நான் நிற்பேன். "ஐயா, இது செல்லாத செலவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இதுல நீங்க ஏறலாமா? படி அந்தப் பக்கம்" என்று கும்பிட்டுக் கைகாட்டுவேன். எண்பத்தெட்டுப் படி! ஏறி வந்து, மூச்சு மிச்சமிருந்தால், அம்மா குற்றவாளி என்று சொல்லட்டும்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வணக்கம்!