கோட்டிலேயே நின்ற வண்டி

நீங்கள் கொடுத்தது நல்ல நாற்காலி, ஐயா. முப்பது வருஷமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தே வேலை பார்த்தவனுக்கு முதுகு சாய்க்க ஓர் இடம் கிடைத்தால், கேட்டதற்கு மேலேயே சொல்லத் தோன்றும். எழுத ஆள் தருகிறேன் என்றீர்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன். கொஞ்சம் நேரமாகும். எழுத்து எனக்கு நாற்பதுக்கு மேல் வந்தது. அதுவும் சாமான் பெட்டிகளைப் பார்த்துப் படித்தது. ‘உத்தரவாதம்’ பிழையில்லாமல் வரும். ‘மன்னிப்பு’க்குத்தான் எத்தனை சுழி என்று யோசிப்பேன்.

பிரேக் பேடிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னீர்கள். அதற்கு முன்னால் என் அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பட்டறை அலமாரியில் மூன்று தட்டு. மேல்தட்டில் ஒரிஜினல், வண்டி செய்த கம்பெனியே முத்திரை ஒட்டி அனுப்புவது. நடுத்தட்டில் வெளிக் கம்பெனி சாமான். உருவம் அதேதான், குணம்தான் பல மாதிரி. சிலது ஒரிஜினலையே தூக்கிச் சாப்பிடும், சிலது வீடு போய்ச் சேர்வதற்குள் காலை வாரிவிடும். கீழ்த்தட்டில் பழசு, வேறு வண்டியிலிருந்து கழற்றியது. பழசு என்றால் கேவலமில்லை. கதவு, கண்ணாடி, இருக்கை எல்லாம் பழசாக வாங்குகிறவன் புத்திசாலி. பிரேக்கில் மட்டும் பழசைத் தொடவே கூடாது. இதை நான் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டான் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசினால் நம்பாதீர்கள்.

எந்தத் தட்டிலிருந்து எடுப்பது என்பதை வண்டிக்காரர் சொல்வார். ஊரெல்லாம் அதுதான் முறை. என் முறை கொஞ்சம் வேறு.

அது ஹாரனில் ஆரம்பித்தது. ஒருவர் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, நான் எழுந்து வரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். இறங்கி நாலடி நடந்து வந்து கூப்பிடலாம்; மாட்டார். ஒருநாள் அதே ஹாரன் கெட்டுப்போய், ஒரிஜினலாகவே போடச் சொன்னார். கீழ்த்தட்டில் மூன்று தடவை அமுக்கினால் ஒரு தடவை முனகுகிற ஹாரன் ஒன்று கிடந்தது. அதைப் போட்டேன். அவர் வாங்கிய ஒரிஜினலைப் பால் வண்டிக்காரருக்குப் போட்டேன். பாவம், ஹாரன் இல்லாமல் தெரு முக்கில் கையைத் தட்டிக்கொண்டு போனவர். ஒரு தெருவே நிம்மதியாயிற்று. என் பையில் ஒரு பைசா சேரவில்லை. தப்பு என்று எனக்கு அப்போதும் படவில்லை.

அடுத்தது என் மச்சான். எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் தவறாமல் வருவார், சாப்பிடுவார், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கிளம்பிவிடுவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நடுத்தட்டு. முதல் மழையிலேயே வைப்பர் கண்ணாடியைத் துடைப்பதை விட்டுவிட்டுத் தடவ ஆரம்பித்தது. என் மனைவி கேட்டாள்.

“ஏங்க, எங்கண்ணன் ஒரிஜினல்தானே கேட்டாரு?”

“கேட்டாரு.”

“அப்புறம்?”

“உங்கண்ணன் ஒரிஜினலான்னு சொல்லு. அதே மாதிரி போட்டுடறேன்.”

சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. “நீங்க வண்டிக்குச் சாமான் போடறீங்களா, ஆளுக்குப் போடறீங்களா?”

“வண்டி தானாவா ஓடுது?” என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நீங்களே சொல்லுங்கள், ஓடுமா?

எப்படி யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டீர்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பெட்டியின் முத்திரையை வண்டிக்காரர் கண்ணெதிரே கிழிக்க வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமானை அதே பெட்டியில் போட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும். பெட்டியைக் கொடுத்துவிட்டால் நாணயஸ்தன். கிழிப்பதற்கும் மாட்டுவதற்கும் நடுவில் அவர்களுக்கு ஒரு போன் வரும், அந்த நேரம் எனக்குப் போதும். திரும்பி வந்து பெட்டியை வாங்கி டிக்கியில் போடுவார்கள். எந்த மனுஷனும் சக்கரத்துக்குள் குனிந்து பார்த்ததில்லை. நீங்கள்தான் முதல் ஆள். அந்த மரியாதை உங்கள்மேல் எனக்கு உண்டு.

இனி டெய்லரம்மா. பள்ளிச் சீருடை தைத்து, பதின்மூன்று வயசு சிவப்புக் காரில் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் என் சட்டைப் பை கிழிந்து தொங்கியதைப் பார்த்துவிட்டு, “அதைக் கழட்டிக் குடுங்கண்ணே, பாக்கச் சகிக்கல” என்று வாங்கி, வண்டி தயாராவதற்குள் தைத்துக் கொடுத்தார். இப்போது போட்டிருப்பது அதே சட்டைதான். பை கிழியவில்லை.

என்னிடம் வருகிற கான்ட்ராக்டர் ஒருவர் உண்டு. அவரிடமும் அதே மாடல் கார்தான்; வெள்ளை, நாலு வயசுதான். அவர் என்னை ‘டேய்’ என்பார். ஒருமுறை, “டேய், ஒரிஜினலுங்கற, பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு வாசிடா பாப்போம்” என்றார். அப்போதுதான் நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த நேரம். பட்டறையில் இருந்த ஆறு பேர் சிரித்தார்கள். ஏழாவது ஆளாக நானும் சிரித்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு நான் எதையும் செய்யவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்குச் சொன்ன வார்த்தை. அன்றைக்கே மறந்துவிட்டேன்.

போன மாதம் இரண்டு வண்டியும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பேடு மாற்ற வேண்டும்.

டெய்லரம்மா, “பழசு ஏதாவது கிடந்தா போட்டு விடுங்கண்ணே, ஓடினாப் போதும்” என்றார்.

“ஓடறதுக்கு இல்லம்மா, நிக்கறதுக்கு.”

“நிக்கறதுக்குத்தான் காசு ஜாஸ்தியா? நல்லாருக்கே உங்க நியாயம்!” என்று சிரித்தார்.

கான்ட்ராக்டர் ஒரிஜினல் பெட்டியைத் தன் கையாலேயே கிழித்துக் கொடுத்துவிட்டுப் போன் பேசப் போனார். அவருடைய புதுப் பேடு அம்மாவின் வண்டிக்குப் போயிற்று. அவர் வண்டிக்குக் கீழ்த்தட்டிலிருந்து ஒரு ஜோடி எடுத்தேன். மூன்று வருஷம் மழையில் நின்ற காரில் கழற்றியது. பார்வைக்குத் தடிமன் இருக்கும். தகட்டோடு ஒட்டிய இடத்தில் உள்ளே துரு ஏறி ஒட்டு விட்டுப்போயிருந்தது. நகத்தால் நெம்பினால் தெரியும். நான் நெம்பிப் பார்த்தேன்.

கான்ட்ராக்டர் வீடு மேட்டுத் தெருவில். தினமும் காலை ஒன்பது மணிக்கு அந்த நீள இறக்கத்தில் தனியாக இறங்குவார். கீழே சிக்னல். சிக்னலுக்கு எதிரே கல் சுவர். பேடு ஒரு மாதம் தாங்கும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு காலையில் என்ன ஆக வேண்டும் என்று நினைத்தேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்; கையெழுத்துப் போடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து டெய்லரம்மா வந்தார். வேலை ஒன்றுமில்லை, சொல்லிவிட்டுப் போகத்தான். “அண்ணே, முன்னல்லாம் பாதித் தெருவுலயே மிதிக்க ஆரம்பிச்சிருவேன். இப்போ சிக்னல் கோடு வரைக்கும் போயி மிதிச்சா டக்குனு நிக்குது. பழசே இப்படின்னா ஒரிஜினல்லாம் எப்படியிருக்கும்?”

“அது உங்களுக்கு எதுக்கும்மா” என்றேன். அன்றைக்கு முழுக்க எனக்குப் பசியே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

பேடு ஒரு மாதம் தாங்கவில்லை. பத்தொன்பதாம் நாளே போய்விட்டது. அன்றைக்கு மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தில் சீருடை கொடுத்துவிட்டு அதே இறக்கத்தில் சிவப்புக் கார் இறங்கியிருக்கிறது. பின்னாலேயே வெள்ளைக் கார். சிக்னல் சிவப்பானது. அம்மா கோடு வரைக்கும் போய் மிதித்தார். டக்கென்று நின்றது. பின்னால் வந்தவரும் மிதித்தார். குறுக்கே லாரி போய்க்கொண்டிருந்தது. மோதிய வேகத்தில் முன்வண்டி கோட்டைத் தாண்டி அதன்முன் போனது.

கான்ட்ராக்டருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

வெள்ளைக் காரின் டிக்கியில் இருந்த பெட்டியின் எண்ணும், நசுங்கிய சிவப்புக் காரின் சக்கரத்தில் இருந்த பேடின் எண்ணும் ஒன்று என்று கண்டுபிடித்து என்னிடம் வந்தீர்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். எல்லாம் நான் செய்ததுதான். அவருக்கு முன்னால் யார் நிற்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நான் ஆளைத்தான் பார்த்தேன், தெருவைப் பார்க்கவில்லை.

உங்கள் ஜீப்பில் என்னைக் கூட்டிவந்தபோது கிளட்ச் முனகியது. சீக்கிரம் மாற்றுங்கள். நீங்கள் இதுவரை ஒரு தடவைகூட என்னை ‘டேய்’ என்று சொல்லவில்லை. என் கையில் வந்திருந்தால் மேல்தட்டுதான். வாசலில் நிற்கிற காவலரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஒரே ஓர் உதவி, ஐயா. கடைசிவரைக்கும் அது பழசு என்று நினைத்துக்கொண்டே அந்த அம்மா போய்விட்டார். அவர் வீட்டில் சொல்லிவிடுங்கள், நான் போட்டது ஒரிஜினல் என்று. சொன்ன இடத்தில், கோட்டிலேயே நின்றது.