நிற்கச் சொன்ன வரி

தங்கை: ...இல்லக்கா, சண்டை போட வரல. ஒரு சந்தேகம்.

அக்கா: பையைக்கூட இறக்காம சந்தேகமா? உட்காரு முதல்ல. அந்தத் துணியை இப்படித் தள்ளு.

தங்கை: நீ மடிச்சுக்கிட்டே கேளு. எங்க ஆஸ்பத்திரி லேப் புரோகிராம் இருக்கில்ல...

அக்கா: கல்யாணத்துக்கு முன்னாடி நான் குப்பை கொட்டின இடம், அதுல பாதி நான் எழுதினது. மறக்குமா?

தங்கை: அதைத்தான் புது சிஸ்டத்துக்கு மாத்தறோம். பழைய புரோகிராம் வரியை ஒவ்வொண்ணா எடுத்து, புதுசா எழுதி...

அக்கா: பெருமையடிக்கத்தான் வந்தியா?

தங்கை: கேளேன்! லேபிள் அடிக்கற இடத்துல ஒரு வரி. ஒவ்வொரு லேபிளுக்கும் நடுவுல புரோகிராம் சும்மா நிக்குது. அப்புறம் போகுது. எதுக்குன்னே புரியல. எடுத்துட்டோம்.

அக்கா: எடுத்துட்டீங்க...

தங்கை: இன்னைக்கு முதல்தடவை ஓட்டிப் பாத்தோம். ரத்தம் எடுக்கற டியூப்ல ஒட்டற லேபிள்... ஒருத்தர் டியூபுக்கு இன்னொருத்தர் பேர் வந்துடுச்சு.

அக்கா: ஐயோ! நிஜ நோயாளிங்களா?

தங்கை: ஆமா. நல்லவேளை, நர்ஸ் கண்ணுல பட்டுச்சு. இல்லன்னா...

அக்கா: எல்லா லேபிளையும் புரோகிராம் ஒரே ஃபைல்லதான், ஒண்ணை அழிச்சு ஒண்ணு எழுதும்டி. பிரிண்டர் அதை எடுக்கறதுக்குள்ள அடுத்த பேரை எழுதிட்டா, முதல் ஆளுக்கு ரெண்டாவது ஆள் பேர்தான் வரும். அதான் கொஞ்சம் நில்லுன்னு...

தங்கை: பக்கத்துல ஒரு குறிப்பு எழுதியிருக்கக் கூடாதா?

அக்கா: எழுதியிருக்கணும். நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தங்கை: எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?

அக்கா: ஏன், என்ன பண்ணே?

தங்கை: போன வாரம் ஆன்லைன் மீட்டிங்ல அந்த வரியைக் காட்டினாங்க. "எந்தப் புண்ணியவான் தூங்கி வழிஞ்சுக்கிட்டே எழுதினானோ"ன்னு ஒருத்தன் சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க.

அக்கா: நீ?

தங்கை: ...நானும்தான்.

அக்கா: அந்த வரியை யார் எழுதினதுன்னு அப்ப உனக்குத் தெரியாதுல்ல. விடு.

தங்கை: தெரியும்க்கா. அந்த வரிக்கு மேலயே உன் பேர் இருந்துச்சு. மீட்டிங்குக்கு முன்னாடி நான்தான் அழிச்சேன். உன் மானத்தைக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டேன். பொய். உன் தங்கச்சின்னு தெரிஞ்சா எனக்குக் கேவலம்னுதான்...

அக்கா: அந்தத் துண்டை இப்படிக் குடு.

தங்கை: திட்டேன்க்கா. ஒரு அறை வேணாலும் விடு. ஏன் தலையைக் குனிஞ்சுக்கறே? என்னைப் பாரு.

அக்கா: எப்படிப் பாக்கறது? பழசை எழுதினவங்கன்னு உங்க மேனேஜர் என்னையும் அந்த மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருந்தார். பேர் போடாம, முகம் காட்டாம ஒரு ஓரமா கேட்டுக்கிட்டிருந்தேன். அந்த வரியை எடுக்காதீங்கன்னு சொல்லத்தான் மைக்கைத் திறந்தேன்... உன் சிரிப்பு கேட்டுச்சு. பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு மூடிட்டேன். அங்க ஊசிக்குக் கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கறவங்களை நான் நெனச்சே பாக்கலடி.