இரண்டு பத்து வண்டிக்குக் காட்டிய கொடி

நான் சொல்லப் போவதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. எதன் மேல் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்கிறேன். முப்பத்தோரு வருஷம் ரயில்வேயில் இருந்தவன். வண்டி தாமதமாக வந்தால் தாமதம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஸ்டேஷனில் வெயில் கொஞ்சம் அதிகம். ஒரு கோடையில், பிளாட்பாரத்தில் நின்ற ஒரே மரத்தின் நிழல் சூடு தாங்காமல் என் அறைக்குள் வந்து மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டது. சாயங்காலம் நான்தான் எழுப்பி வெளியே அனுப்பினேன். விசாரணை அதிகாரி இதை எழுதிக்கொள்ளவில்லை. நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர் என்று ஒன்று அங்கே கிடையாது. ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, ஒட்டினாற்போல் இரண்டு வீடு. காலையில் ஒரு பயணிகள் வண்டி வரும், மதியம் இரண்டு பத்துக்கு ஒன்று போகும். அவை நின்றே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஏற ஆள் இருந்தால் நான் சிவப்புக் கொடி காட்டுவேன், நிற்கும். இல்லாவிட்டால் பச்சை, ஓட்டுநர் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். வாரத்தில் ஆறு நாள் பச்சைதான்.

அங்கே மொத்தம் மூன்று பேர். ஸ்டேஷன் மாஸ்டர் நான். தண்டவாளத்தைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவன். அப்புறம் அவள்.

மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு, சமையல் அவளுடையது. என் சட்டையில் பொத்தான் அறுந்தால், நான் வாய் திறப்பதற்கு முன்பே ஊசியும் நூலுமாக வந்து நிற்பாள். எனக்குக் காரம் ஆகாது என்று தனிக் கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். இதையெல்லாம் ஒரு பெண் சும்மா செய்வாளா, நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் சிரிப்பு மட்டும் அவனுக்கு.

கதை சொல்வதில் நான் கெட்டிக்காரன். நிழல் வந்து படுத்த கதையை அவளிடம்தான் முதலில் சொன்னேன். "அப்படிங்களா" என்றாள். மறுநாள் அதையே அவன் சொல்கிறான். நிழல் குறட்டை விட்டதாம். நடக்காததைச் சேர்த்துச் சொல்கிறான், பொய்யன். அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவன் முதுகில் ஓர் அடி போட்டு, "போய்யா, போய் வேலையப் பாரு" என்றாள். எனக்கு வாங்க, போங்க. அவனுக்குப் போய்யா. மரியாதை எனக்குத்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

அந்தச் சிரிப்பு தண்ணீர்த் தொட்டியிலிருந்து என் அறை வரை கேட்கும். ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கும். ஒரு நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். அன்று சரக்கு வண்டி போனது தெரியவில்லை. அவள் சிரித்தது தெரிந்தது.

அவன் என்னிடமும் விடமாட்டான். "என்ன சார், மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? வண்டி லேட்டா?"

"வண்டி இல்ல, நீதான் லேட்டு."

"நான் பொறந்ததே பதினோராவது மாசம் சார். எங்கம்மா எவ்வளவோ கொடி காட்டிப் பாத்துச்சு."

கதவோரம் நின்று அவள் அதற்கும் சிரிப்பாள்.

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, தடம் மாற்றும் நெம்புகோலுக்கு எண்ணெய் போடப் போனவனைப் பாம்பு கடித்தது. கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. அவள் அவனைத் தோளில் தாங்கி இழுத்து வந்து பிளாட்பாரத்தில் படுக்கவைத்தாள். ஆஸ்பத்திரிக்கு ரயிலில் நாற்பது நிமிஷம். வேறு வழி இல்லை. தொலைபேசி அந்த வாரம் முழுக்க வேலை செய்யவில்லை. அதை நான் கெடுக்கவில்லை. இரண்டு பத்து வண்டியில் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் பிறகு சொன்னார். நல்ல மனிதர், மறைக்கத் தெரியாது.

"என்னங்க, வண்டிய நிறுத்திருவீங்கல்ல?" என்றாள்.

"அதுக்குத்தானே நான் இருக்கேன்."

அவன் கண்ணைத் திறந்து, "சார், எனக்கு ஜன்னலோர சீட்டா பாத்துச் சொல்லிவிடுங்க" என்றான். அவள் அழுதுகொண்டிருந்தவள், சிரித்துவிட்டாள்.

அதுவரை நான் சிவப்பைத்தான் எடுப்பதாக இருந்தேன். சாகக் கிடக்கும்போதும் அவன்தான் சிரிக்கவைக்க வேண்டுமா என்று தோன்றியது. நியாயமான கேள்வி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பச்சையை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்தேன். அவளுக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும். வண்டி தெரிந்ததும் பச்சையை விரித்துப் பிடித்தேன். ஓட்டுநர் கையை ஆட்டினார். மதியத்தில் அவன் அங்கே படுத்துத் தூங்குவது வழக்கம் என்பதால் வண்டியின் கார்டும் சந்தேகப்படவில்லை. நிற்கும், நிற்கும் என்று கடைசிப் பெட்டி வரை காத்திருந்தவள், அதன் பிறகுதான் ஓடினாள். பிளாட்பாரம் முடிந்தும் ஓடினாள்.

"பதட்டத்துல கொடி மாறிப்போச்சு" என்றேன். நம்பினாள். விசாரணையிலும், "பாவம், அவரு பதறிட்டாரு" என்று அவளே சொன்னாள். எனக்காகப் பரிந்து பேசினாள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவன் நாலரை மணிக்குப் போனான். தலை அவள் மடியில் இருந்தது.

மறுநாள் அதே வண்டிக்குச் சிவப்புக் கொடி காட்டி அவனை ஏற்றினோம். அவளும் ஏறினாள். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேங்க. காரம் போடல" என்றாள். வண்டி நகர்ந்தது.

அவள் திரும்பி வந்தால் இறங்க வேண்டுமே என்று, அதற்கப்புறம் காலை வண்டிக்குத் தினமும் சிவப்பே காட்டினேன். வண்டி நிற்கும், யாரும் இறங்கமாட்டார்கள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். பயணிகளின் வசதிக்காக என்று எழுதி அனுப்பினேன்.

நான் செய்தது கொலைதான். மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாவதாக ஒருத்தன் வந்து நின்றால், எந்த ஆண்பிள்ளை எவ்வளவு காலம் பொறுப்பான்? நீங்கள் என்றாலும் பொறுத்திருக்கமாட்டீர்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. நான் அந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தபோது, அவனுக்கும் அவளுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.