சுவர் வழியே போன ஒயர்

பெயரும் முகவரியும் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தபடி. வயது நாற்பத்தொன்று. அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே புத்தகப் பக்கங்களை வடிவமைத்துத் தருகிறேன். என்மீது புகார் கொடுத்திருப்பவர் என் தங்கையின் கணவர். எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே ஒரே சுவர்.

சென்ற மழைக்காலத்தில் அவர் தங்கையின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டார். அதன் பிறகு மாடியில் துணி காயப்போடும்போது அவள் என்னிடம், "அக்கா, பழைய லேப்டாப் ஒண்ணு இருக்கு. அது ஓடும்னே அவருக்குத் தெரியாது" என்றாள். என்னிடம் ரவுட்டர் கிடையாது; இணைய ஒயர் நேராக என் கணினியில்தான் சொருகியிருக்கும். எனவே கணினியில் இன்னொரு நெட்வொர்க் கார்டைப் பொருத்தி, வருகிற இணைப்பை அதற்கும் பகிரும்படி அமைத்து, அதிலிருந்து ஒரு ஒயரைச் சுவரின் காற்றுத் துளை வழியாக அவள் அறைக்குள் விட்டேன். அதன் பிறகு கணினியை நான் அணைக்கவே இல்லை. அணைத்தால் அவளுக்கும் போய்விடும். அவள் வேலைகளுக்கு விண்ணப்பித்தாள். எனக்கு எழுதியதெல்லாம் பெரும்பாலும், தூங்கிட்டியா, இன்னைக்கு என்ன சமையல் என்பதுதான்.

சம்பவத்தன்று மதியம், "வேலை கிடைச்சிடுச்சுக்கா. அவர்கிட்ட சொல்லப் போறேன்" என்று எழுதினாள். அதன் பிறகு நான் பக்கம் திருத்திக்கொண்டிருக்கையில், திரையின் ஓரத்தில் அவளுடைய இணைப்பின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. அவள் பக்கத்தில் ஒயர் கழன்றால் அப்படித்தான் காட்டும். என் இணைப்பு நன்றாக இருந்தது. உடனே போய்க் கதவைத் தட்டினேன். அவர் திறக்காமலே, "தூங்குறா, அப்புறமா வாங்க" என்றார். உள்ளே ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்கவே, எதிர்வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டேன். அவர் உளியால் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். தங்கை கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தாள். இடது கை ஒடிந்திருந்தது. வலது கையில் ஒயரின் முனையை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

இப்போது அவள் என் வீட்டில் இருக்கிறாள். கைக்கட்டோடு வேலைக்குப் போகிறாள்.

அனுமதியில்லாமல் அவர் வீட்டுக்குள் ஒயர் இழுத்தேன் என்று புகாரில் இருப்பதாகச் சொல்லி, அனுமதி வாங்கினேனா என்று கேட்கிறீர்கள். வாங்கினேன். அந்த வீட்டில் அவளும்தான் குடியிருந்தாள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னது அத்தனையும் நடந்தது.

(கையொப்பம்)