டிஸ்க் குணமாயிடுச்சுன்னு யாரு சொன்னா?

“சரிபண்ணுற புரோகிராமாம், சரிபண்ணுறது! அதை எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா... சரி விடு. நீயே பாரு தம்பி.”

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் செலோர்ம், அஃப்ரியே நீட்டிய டிஸ்க்கைக் கையில் வாங்கினான். குமாசி நகரில் சாவு வீட்டு வீடியோ எடுக்க என்றால் அவள்தான். பேச ஆரம்பித்தால் மூச்சுவிட மாட்டாள் என்பதும் ஊருக்கே தெரியும்.

“டுவுமோ பெரியவரோட அடக்கம் முழுக்க இதுலதான் இருக்கு. வேற காப்பி கிடையாது. சனிக்கிழமை அவருக்கு முதல் வருஷ நினைவு நாள். பந்தல்ல போட்டுக் காட்டணும். மக கிஃப்டி ஆம்ஸ்டர்டாம்லேர்ந்து வர்றா. அப்பன் செத்ததுக்கு அவ அழவேயில்லன்னு அத்தைக்காரி ஊரெல்லாம் சொல்லிவெச்சிருக்கா. வீடியோவப் பாத்துத்தான் தீர்ப்பு! நல்லாத்தான் அழுதா பாவம், கிட்டப் போய் எடுத்தேன். மூக்கு ஒழுகினதுகூட இருக்கு. இருந்துச்சு...

“எடிட் பண்ணிட்டிருக்கேன், பொசுக்குனு கரண்ட் போச்சு. ஜெனரேட்டரப் போட்டா டிஸ்க்கு திறக்க மாட்டேங்குது. அந்தப் புரோகிராம ஓட்டுனேன். அப்பப்பா, என்னா கேள்வி கேக்குது! இதை வெட்டவா, அதைத் தூக்கவா... சர்ச்சுல பாஸ்டர் பேசப் பேச ஆமென் போடுவோம்ல, அப்படி ஆமா, ஆமா, ஆமான்னு தட்டிக்கிட்டே இருந்தேன். என்ன முறைக்கிற? படிச்சுப் பாத்தா ஆமென் சொல்றோம்? கடைசில ‘கோளாறு எதுவும் இல்லை’ன்னுச்சு. திறந்து பாத்தா பேரெல்லாம் போய் வெறும் நம்பரு, துண்டு துண்டா கிடக்கு. ஒண்ணுல பேண்டு வாத்தியம் மட்டும். இன்னொண்ணுல பெரியவரோட ஒத்தக் காலு. கோளாறு இல்லையாம்! வெக்கமில்லாம எப்படித்தான் சொல்லுதோ!”

செலோர்ம் ஏதோ கேட்க வாயெடுத்தான்.

“இரு, முடிச்சிடுறேன். மிச்சத்த நீ தோண்டி எடுத்துடுவேன்னு சந்தையில எல்லாரும் சொல்றாங்க. மேல வேற எதையும் எழுதாம இருந்தா, அழிஞ்சது உள்ளயேதான் இருக்குமாமே? யாரு எழுதுனா? நான் ஒண்ணுமே பண்ணல. நெசமாவே குணமாயிடுச்சான்னு ஒரு சின்ன சோதனை, அவ்வளவுதான். சர்ச்சுப் பாட்டுக் கச்சேரிய அதுல ஏத்திப் பாத்தேன். அழகா ஏறுச்சு. சந்தேகம் தீரட்டும்னு திரும்பத் திரும்ப ஏத்துனேன், இடம் தீர்ற வரைக்கும்...

“ஏன் தம்பி திருப்புளியக் கீழ வைக்கிற?

“தம்பி?

“...சனிக்கிழமை கிஃப்டிய இன்னொருவாட்டி அழச் சொன்னா அழுவாளா?”